குதிரை உதைத்த நாய்க்குட்டி: கால் முதலில், குதிரை பிறகு

அந்தியூர்ப் பக்கம் தோட்டத்தில் இரண்டு குதிரை வைத்திருப்பவர் கேட்டிருக்கிறார். நாலு மாதப் பெண் நாட்டு நாய்க்குட்டி, ஏழு கிலோ இருக்கும். 12 நாளுக்கு முன் லாடம் அடிக்க ஆள் வந்திருந்தபோது, சீவிப் போட்ட குளம்புத் துண்டைப் பொறுக்கப் போய்ப் பெண் குதிரையிடம் உதை வாங்கிவிட்டது. வலது முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. மருத்துவர் ஃபைபர் கட்டுப் போட்டு, ஐந்து வாரம் ஓடவிடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறார். குட்டியோ வீட்டுக்குள் துள்ளுகிறது. லாயத்திலிருந்து கனைப்புச் சத்தம் வந்தால் மட்டும் கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்குகிறது, அங்கேயே சிறுநீர் விட்டுவிடுகிறது. இதை எப்படி அடக்கி வைப்பது, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல் தினம் தூக்கிக்கொண்டு போய்க் குதிரையைக் காட்டினால் பயம் தெளியுமா என்பது கேள்வி.

இரண்டு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் கேட்கப்படுவது எது முதலில், எது பிறகு என்பதுதான். கால் வலிக்கிற வரைக்கும் குதிரைப் பாடம் கிடையாது. குதிரையும் வலியும் ஒரே நொடியில் சேர்ந்து அந்தக் குட்டியின் மனதில் பதிந்திருக்கின்றன. வலி இருக்கும்போதே மறுபடி குதிரையைக் காட்டினால் அந்த முடிச்சு இன்னும் இறுகும். தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவதை இப்போதும் செய்ய வேண்டாம், கட்டுப் பிரித்த பிறகும் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. குதிரையிடம் கொஞ்சமும் பயமில்லாத நாயாக அதை ஆக்கவும் முயல வேண்டாம். பயமே இல்லாததால்தான் அது பின்னங்காலடியில் போய் நின்றது. குதிரையைக் கண்டால் பதறாமல், தானாகச் சுற்றிக்கொண்டு போகிற நாய் கிடைத்தால் போதும்.

எக்ஸ்ரேயையும் கட்டையும் பார்க்காமல் எழுதுவதால் காலைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பொதுவானது. உங்கள் மருத்துவர் சொன்னதற்கு மாறாக இங்கே ஏதாவது இருந்தால் அவர் சொன்னதே சரி. உள்காயத்தைப் பற்றி மட்டும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ உதை பட்டிருந்தால் நுரையீரல் கன்றிப்போவது, ஈரல், மண்ணீரல், சிறுநீர்ப்பை கிழிவது போன்றவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே வெளிப்பட்டுவிடும். 12 நாள் தாண்டியது நல்ல செய்தி. விதிவிலக்கு உதரவிதானக் கிழிசல், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் திரை கிழிவது. அது சில குட்டிகளில் வாரக்கணக்கில் பதுங்கியிருக்கும். அதனால் குட்டி நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை எண்ணியும் 40க்கு மேலேயே நின்றால், அல்லது சாப்பிட்டதும் மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கு எக்ஸ்ரே கேளுங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

எலும்பு கூடுவதில் குட்டிகளுக்கு ஈடில்லை. மூன்று முதல் ஆறு மாத வயதில் கட்டுப் போட்ட முறிவு சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். இதே முறிவு வளர்ந்த நாய்க்கு என்றால் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். ஆகவே ஐந்து வாரம் என்பது நியாயமான கணக்கு. ஆனால் இந்த வயதுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது, எலும்பு நீள்வது அங்கேதான். முன்னங்கையின் இரண்டு எலும்புகளில் பின்பக்கம் இருப்பது அல்னா. அதன் கீழ்நுனித் தட்டு புனல் போலக் கூம்பு வடிவம். உதையின் அதிர்ச்சியில் அது நசுங்கியிருந்தால் முதல் எக்ஸ்ரேயில் எதுவுமே தெரியாது. தட்டு வளர்வதை நிறுத்திவிடும், பக்கத்து எலும்பு வளர்ந்துகொண்டே போகும், பாதம் மெல்ல வெளிப்பக்கம் திரும்பிக் கால் வில்லாக வளையும். இது மூன்று நாலு வாரம் கழித்துத்தான் தெரியவரும். கட்டைப் பிரிக்கும்போது எடுக்கிற எக்ஸ்ரேயில் இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்து எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அதன் பிறகும், அந்தத் தட்டுகள் மூடும் 8 முதல் 11 மாத வயது வரை, மாதம் ஒருமுறை குட்டியை நேராக நிறுத்தி முன்னாலிருந்து ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சின்ன அறுவையில் திருத்தலாம், வளைந்து முடிந்தபின் பெரிய அறுவை. எலும்பு அறுவை வசதி தேவைப்பட்டால் உங்களுக்குப் பக்கம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

கட்டை வாரம் ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் குட்டி வளர்கிறது, கட்டு வளர்வதில்லை. இடைப்பட்ட நாட்களில் காலையும் மாலையும் நீங்களே பார்க்கலாம். கட்டின் கீழ்முனையில் நடு விரல்கள் இரண்டின் நுனி தெரியும்படி விட்டிருப்பார்கள். அந்த இரண்டு நகங்களும் ஒட்டினாற்போல் இணையாக நிற்க வேண்டும். நகங்கள் விலகி விரிந்திருந்தால் உள்ளே வீக்கம் இருக்கிறது என்று பொருள். விரல் நுனியைத் தொட்டால் மற்றக் காலைப் போலவே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், இலேசாகக் கிள்ளினால் இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், கட்டின் மேல்வாயிலும் கீழ்வாயிலும். நாய் வாடை இருக்கலாம், புளித்த வாடையோ அழுகல் வாடையோ இருக்கக் கூடாது. வீக்கம், குளிர்ச்சி, வாடை, ஈரம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கட்டை மாற்ற வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. அதுவரை அமைதியாக இருந்த குட்டி திடீரென்று கட்டைக் கடிக்க ஆரம்பித்தால் அதைச் சேட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே எங்கோ உரசிப் புண்ணாகியிருக்கும். கடிக்க முடியாதபடி கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டால் புண் ஆழமாகும். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்து மேலே இன்னொரு கட்டுப் போடலாமா என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஏற்கெனவே இருக்கும் கட்டை அது நனைக்கும், காய்ந்து இறுக்கும். இறுகிய கட்டால் பாதத்துக்கு இரத்தம் போகாமல் காலையே எடுக்க நேரும். முறிந்த எலும்பைவிட அதுதான் பெரிய இழப்பு.

வெளியே கொண்டுபோகும்போது கட்டு நனையாமல் இருக்கக் காலியான குளுக்கோஸ் பை அருமையான உறை. மருத்துவமனையில் கேட்டாலே கொடுப்பார்கள். ஒரு முனையை வெட்டிப் பாதத்தில் மாட்டித் துணி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். அரைமணிக்கு மேல் இருந்தால் வேர்வையே உள்ளே நனைத்துவிடும்.

இனி அடக்கி வைப்பது. கூண்டு இல்லாமல் இது நடக்காது. வீட்டில் ஒரு அறையில் அடைப்பது ஓய்வாகாது, அறைக்குள் கட்டிலில் ஏறிக் குதிக்க ஒரு நொடி போதும். உங்கள் குட்டியின் அளவுக்கு 30 அங்குலக் கூண்டு சரியாக இருக்கும். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும், அதற்குமேல் வேண்டாம். பெரிய கூண்டு வாங்கினால் அதற்குள்ளேயே துள்ளும். டைல்ஸ், கிரானைட் தரை முறிந்த காலுக்கு எதிரி. கூண்டுக்குள் ரப்பர் பாய், அதன்மேல் நன்றாகத் துவைத்த சணல் சாக்கை இரண்டாக மடித்து விரியுங்கள், நகம் பிடிக்கும். வைக்கோல் போடாதீர்கள். ஈரம் பிடிக்கும், கட்டுக்குள் தூசு நுழையும், இந்தக் குட்டிக்கு அது லாயத்தின் வாடையும்கூட. தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் மாட்டுகிற வகையாக வாங்குங்கள், தரையில் வைத்தால் கவிழ்த்துக் கட்டை நனைத்துக்கொள்ளும். வெயில் காலமென்றால் தகரக் கூரைக்கடியில் வைக்கக் கூடாது. மூன்று பக்கம் பழைய வேட்டியால் மூடி, ஒரு பக்கம் வீட்டாரைப் பார்க்கும்படி திறந்து வையுங்கள். லாயத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் உள்ள அறை உத்தமம். கட்டிலுக்கடியில் ஓடி ஒளிவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒளிய இடம் கிடைத்தால் பயம் தணியும் என்பதால் மூடிய கூண்டு அதற்கும் உதவும். தண்டனைக்காக மட்டும் அதற்குள் தள்ளாதீர்கள்.

முதல் இரண்டு நாள் கூண்டுக்குள் சாப்பாடு வைத்துக் கதவைத் திறந்தே விடுங்கள். பிறகு சாப்பிடும்போது மட்டும் சாத்துங்கள், அப்புறம் பத்து நிமிடம், அரைமணி என்று நீட்டுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை, குட்டி இன்றே குதிக்கிறது என்றால் இன்றே அடைத்துவிட்டுப் பக்கத்தில் பாய் போட்டு உட்காருங்கள். இரண்டாவது வழி அவ்வளவு நல்லதில்லை, ஆனால் கட்டு நழுவுவதைவிட மேல். நாலு மாதக் குட்டி பகலில் நாலைந்து மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும். காலை எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், இரவு படுக்குமுன்னும் வெளியே கொண்டுபோக வேண்டும். கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் ஒன்றரை மீட்டர்க் கயிறு கட்டி, படியிருந்தால் தூக்கிச் சென்று, மண்தரையில் விட்டு, ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்தொடைக்கடியில். முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, இந்தக் குட்டிக்கு அது கூடவே கூடாது.

சாப்பாட்டில் ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்தது என்றதும் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவது நம் ஊர் வழக்கம். குட்டிகளின் குடலால் மிகையான கால்சியத்தைத் தடுக்க முடியாது, கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். அந்த மிகைதான் வளர்ச்சித் தட்டைக் கெடுக்கிறது. குட்டிகளுக்கென்று விற்கும் முழுத் தீவனம் தருகிறீர்கள் என்றால் மேலே எதுவும் வேண்டாம். வெறும் தயிர்சோறும் பால்சோறும்தான் சாப்பாடு என்றால் குறை கால்சியத்தில் மட்டும் இல்லை, புரதத்திலும் இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லிச் சாப்பாட்டையே மாற்றுங்கள், டானிக்கால் அதை ஈடுகட்ட முடியாது. ஓடாமல் இருக்கும் குட்டிக்கு அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம், விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வலி மருந்து மருத்துவர் எழுதியது மட்டும். மனிதர்களுக்கான ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாய்க்கு வயிற்றுப்புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் தரும். டைக்ளோஃபினாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006இலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது, அது நாய்களுக்காக இல்லை, செத்த மாட்டைத் தின்று செத்த பிணந்தின்னிக் கழுகுகளுக்காக. ஆனாலும் வீட்டு மருந்துப் பெட்டியில் அந்த மாத்திரை இருக்கும். மருத்துவர் மெலாக்சிகாம் கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு கொடுங்கள், வாந்தியோ கருப்பு மலமோ கண்டால் நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

நாள் முழுக்கப் படுத்திருக்கும் குட்டிக்கு உடம்பு ஓய்ந்தாலும் தலை ஓய்வதில்லை. துள்ளலில் பாதி அதனால்தான். பழைய துண்டில் தீவனத்தைத் தூவிச் சுருட்டி, முடிச்சுப் போடாமல் கூண்டுக்குள் வையுங்கள். பிரித்துத் தின்ன கால்மணி நேரம் ஆகும். உப்பில்லாத தயிரை எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்தால் நக்கிக்கொண்டிருக்கும், நக்குவது நாய்களை அமைதிப்படுத்துகிறது. இந்த ஐந்து வாரத்தில் படுத்தபடியே மூன்று பழக்கங்களைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள், பின்னால் குதிரை வேலைக்கு இவைதான் கருவி. ஒன்று, பெயர் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்ப்பது. பார்த்த நொடியில் ஒரு துண்டுக் கோழி, ஒரு தடவைக்கு பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட சாக்கின்மேல் படுத்தால் சாக்கின்மேலேயே உணவு வந்துகொண்டிருக்கும் என்பது. அந்தச் சாக்கு பின்னால் எங்கே விரித்தாலும் அங்கே அதற்கு வீடு வந்துவிடும். மூன்றாவது, “வா போகலாம்” என்றதும் உங்களோடு திரும்பி எதிர்ப்பக்கம் நடப்பது. இதைக் கழிப்புக்குப் போகும் ஐந்து நிமிடத்திலேயே பழக்கலாம். கோழி என்றால் வெறுந்தண்ணீரில் வேகவைத்து, பட்டாணி அளவுக்குப் பிய்த்தது. வெங்காயம் பூண்டு போட்ட குழம்புக் கறி ஆகாது. இவ்வளவு செய்தும் அடங்காத குட்டிகள் உண்டு. அவற்றுக்கு அமைதிப்படுத்தும் மருந்தாக காபாபென்டினோ டிராசோடோனோ சில வாரம் தரலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அளவை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது பயம். கனைப்பைக் கேட்டுச் சிறுநீர் விடுவது அதன் கட்டுப்பாட்டில் இல்லாத செயல், அதட்டினால் பயம் இரட்டிக்கும். தடவிக்கொடுத்தால் பயம் ஊறிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். பயம் ஒரு உணர்ச்சி, அதைச் செல்லம் கொடுத்து வளர்க்க முடியாது. பக்கத்தில் வந்து ஒண்டினால் கையை வைத்துக்கொண்டு அமைதியாக உட்காருங்கள். இனி, தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது ஏன் தவறு என்பதற்கு வருகிறேன். பயந்த விலங்குக்கு முதல் ஆயுதம் ஓடுவது, கைக்குள் இருக்கும்போது அது இல்லை. முதல் நாள் திமிறும், இரண்டாம் நாள் முனகும், நாலாம் நாள் அசையாமல் இருக்கும். “பார், பழகிவிட்டது” என்போம். அப்போது அதன் முகத்தை உற்றுப் பாருங்கள். கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும், வாய் இறுக மூடியிருக்கும், காது பின்னால் ஒட்டியிருக்கும், மூக்கடியில் கோழித்துண்டை நீட்டினாலும் வாங்காது. தப்பிக்க வழியில்லை என்று கைவிட்டதன் அறிகுறி அது. கீழே விட்டதும் ஒன்று ஓடும், இல்லையென்றால் கடிக்கும்.

ஓய்வு வாரங்களில் குதிரையைப் பார்க்காமலே கொஞ்சம் வேலை நடக்கலாம், ஆனால் வலி குறைந்து, குட்டி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கத் தொடங்கிய பிறகுதான். மூன்றாம் வாரத்திலிருந்து வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான குதிரையின் முதுகில் போட்ட துணியிலிருந்து உள்ளங்கை அளவு கிழித்துக் கூண்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். குட்டி மூக்கைத் தூக்கி முகர்ந்தால் உடனே ஒரு துண்டுக் கோழி. தலையைத் திருப்பிக்கொண்டால் துணியை இன்னும் தள்ளுங்கள். சத்தத்துக்கு, கனைப்பையும் குளம்படியையும் கைப்பேசியில் பதிந்து, காதை மட்டும் அசைக்கிற அளவு தாழ்வாக ஒலிக்கவிட்டு, ஒலித்த மறுநொடி உணவு, நின்றதும் உணவும் நிறுத்தம். ஒலியின் அளவை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு படி கூட்டலாம். நிஜக் கனைப்பு எதிர்பாராமல் வரும்போதும் கை நிறையக் கோழி பறக்கட்டும்.

கட்டுப் பிரித்த அன்று காலைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். மயிர் உதிர்ந்து, சதை மெலிந்து, மணிக்கட்டு தொய்ந்து நிற்கும். பிடிமானமுள்ள மண்தரையில் கயிற்றோடு ஒரு நாளைக்கு மூன்று முறை ஐந்து நிமிட நடை, வாரம் ஐந்து நிமிடம் கூட்டலாம். இரண்டு மூன்று வாரத்தில் மணிக்கட்டு நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் காட்டுங்கள். குட்டி காலைத் தரையில் நன்றாக ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகே குதிரை வேலையைத் தொடங்க வேண்டும். நொண்டுகிற குட்டி தன்னால் ஓடித் தப்ப முடியாது என்று அறிந்திருக்கும், அது எதிலும் தைரியம் கொள்ளாது.

இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் குதிரையோடு, ஒருவர் குட்டியோடு. இரண்டு குதிரையில் நாயைத் துரத்தாத, சோம்பலானதைத் தேர்ந்தெடுங்கள். உதைத்த பெண் குதிரை கடைசியில். குட்டி ஈன்ற குதிரை, ஆண் குதிரை இரண்டும் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். ஒரு தென்னங்கீற்றுத் தட்டிக்குப் பின்னால் குதிரையை முகக்கயிற்றில் பிடித்து நிறுத்துங்கள். 50 மீட்டர் தள்ளிக் குட்டியின் சாக்கை விரித்து உட்காருங்கள். குதிரைக்காரர் தட்டியைத் தாண்டி இரண்டடி வெளியே வந்து, பத்து எண்ணிவிட்டு மறுபடி உள்ளே போகட்டும். குட்டி குதிரையைப் பார்த்த ஒரு நொடிக்குள் கோழி, குதிரை தெரிகிற வரைக்கும் ஒவ்வொரு துண்டாக, மறைந்ததும் நிறுத்தம். இந்த வரிசை தலைகீழானால் எல்லாம் கெடும். முதலில் கோழியைக் காட்டிவிட்டுப் பிறகு குதிரையைக் கொண்டுவந்தால், கோழியைக் கண்டாலே குதிரை வரப்போகிறது என்று பயப்படக் கற்றுக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஆறு முதல் எட்டுக் காட்சி, மொத்தம் ஐந்து நிமிடம். நாளுக்கு ஒரு தடவை, வாரத்தில் நாலைந்து நாள், மீதி நாள் ஓய்வு. சில நாள் கழித்து, குதிரை தெரிந்ததும் குட்டி பதறாமல் “எங்கே என் துண்டு” என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இந்தத் திரும்பல்தான் அளவுகோல். தொடர்ந்து மூன்று நாள் இது நடந்தால் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் போகலாம். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, தரையை வீணாக முகர்வது, எப்போதும் மெதுவாக வாங்குகிற உணவைப் பிடுங்குவது, வாலைச் சுருட்டுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் “வா போகலாம்” சொல்லி பத்து மீட்டர் பின்வாங்குங்கள். மறுநாள் பழைய தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

நிற்கும் குதிரையும் நடக்கும் குதிரையும் குட்டிக்கு இரண்டு வேறு விலங்கு. நிற்கும் குதிரையிடம் 15 மீட்டர் வரை வந்துவிட்டால், நடக்கும் குதிரைக்கு மறுபடி 40 மீட்டருக்குப் போங்கள். ஓட்டத்துக்கு இன்னும் தள்ளி. குதிரை குட்டியை நோக்கி நேராக வரக் கூடாது, எப்போதும் குறுக்கே நடக்கட்டும். ஐந்தாறு மீட்டருக்கு வந்த பிறகு, கம்பிவேலியோ மூங்கில் படலோ நடுவில் இல்லாமல் மேலே போகாதீர்கள். கயிறு தளர்ந்திருக்க வேண்டும். கயிறு விறைத்திருந்தால் குட்டியை நீங்கள் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று பொருள். குதிரைக்குக் கொள்ளும் தவிடும் வைக்கிற நேரத்தில் செய்யவே கூடாது, தீனியைக் காக்கிற குதிரை நாயைப் பொறுக்காது. மூக்கோடு மூக்கு வைத்து “நட்பு” எடுக்கும் ஆசையும் வேண்டாம். குதிரை குனிந்து முகர்ந்து சீறினால் ஒரே நொடியில் ஆறு வார வேலை போகும், முன்னங்காலால் அடித்தால் குட்டியே போகும்.

எத்தனை நாள் ஆகும்? உதைக்கு முன் லாயத்தில் விளையாடிப் பழகிய குட்டி என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் நல்ல மாற்றம் எதிர்பார்க்கலாம். நாய்க்குட்டிகள் உலகத்தைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 14ஆவது வாரம் வரை, உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது, ஆனால் பழைய நல்ல நினைவு உதவும். வளரும்போது குறிப்பிட்ட வாரங்களில் “பயப் பருவம்” வரும், அப்போது பட்ட அடி ஆயுளுக்கும் போகாது என்று உறுதியாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த அளவு உறுதிக்கு ஆதாரம் வலுவாக இல்லை, அதை நம்பிக் கைவிட வேண்டாம். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் தூரம் குறையவில்லை என்றால் முதலில் காலை மறுபடி எக்ஸ்ரே எடுங்கள். தீராத வலி பல நேரம் தீராத பயமாக வேடம் போடும். வலி இல்லை என்று உறுதியானால் பயத்துக்கான மருந்தோடு பயிற்சியைத் தொடரலாம். ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகளைக் கொண்டுபோவீர்கள் என்றால் அந்த நாட்களைக் குட்டிக்கு விடுமுறையாக்குங்கள். அதையும் உடன் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், நூற்றுக்கணக்கான குதிரை நடுவில் தூரம் என்பதே இருக்காது.

குதிரையின் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. குதிரைக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். தெரியாத இடம் வாலுக்கு நேர் பின்னாலும் மூக்குக்குக் கீழேயும்தான், குட்டி நாய் நுழைவது சரியாக அந்த இரண்டு இடத்திலும். பின்காலை நீட்டி உதைத்தால் இரண்டு மீட்டர் வரை எட்டும் என்று வைத்துக்கொண்டு, மூன்று மீட்டரைத் தாண்டாத கோடாகக் கொள்ளுங்கள். பக்கவாட்டிலும் மாடு போல உதைக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்பது பெரும்பாலும் ஓய்வுதான், ஆனால் அதோடு காது பின்னால் படிந்து வாலும் சுழன்றால் அது எச்சரிக்கை. பெண் குதிரைக்கும் நாயைப் பார்த்ததும் ஒரு கேரட் துண்டு என்று பழக்கினால் அதன் பதற்றமும் குறையும். பாதி விபத்து அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

குளம்புத் துண்டின் ருசி குட்டிக்கு மறக்காது, எந்த நாய்க்கும் மறக்காது. லாடம் அடிக்கும் நாளில் குட்டி கூண்டில், கதவு சாத்தி. வேலை முடிந்ததும் ஆணிகளையும் சீவலையும் கூட்டி எடுத்த பிறகுதான் வெளியே. ஆசைப்பட்டால் ஆணி பட்ட ஓட்டை இல்லாத ஒரு பெரிய துண்டைக் கழுவி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொஞ்ச நேரம் கடிக்கவிட்டு, விழுங்கும் அளவுக்குச் சின்னதாவதற்குள் வாங்கிவிடுங்கள். லத்தி தின்னும் பழக்கமும் இருக்கும். குதிரைக்கு ஐவர்மெக்டின் குடற்புழு மருந்து கொடுத்தால் ஒரு வாரம் லத்தியை அன்றன்றே அள்ளி மூடிப் போடுங்கள், குதிரை துப்பிய மருந்துப் பசையையும் துடையுங்கள். நாட்டு நாய்க்கு லத்தியில் வருகிற அளவு பெரும்பாலும் கேடு செய்யாது, துப்பிய பசை செய்யும், கோலி (Collie) என்ற மேய்ப்பு வகை நாய்களுக்கோ கொஞ்சம் போனாலே நஞ்சு. லாய வாசலில் அடிக்கம்பிக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பீர்கள், அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். குட்டி நுழைவது அதன் வழியாக. கட்டுப் பிரிப்பதற்குள் அங்கே 60 செண்டிமீட்டர் உயரத்துக்குக் கோழிவலை அடித்துவிடுங்கள்.